குணலட்சுமி வீட்டுச் சாத்திரக் கிளி

புத்தூர்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஏரம்பு ஒரு நாள் காலையில் சைக்கிள் கரியரில் ஒரு மரக்கூட்டைக் கட்டிக்கொண்டு குணலட்சுமியின் படலையில் வந்து நின்றார். கூட்டை உரப்பையால் மூடியிருந்தார். வலது கைப் பெருவிரலில் சுற்றியிருந்த சீலைத்துண்டில் இரத்தம் காய்ந்திருந்தது.

"குணம், நிக்கிறியோ?"

"ஓம் அண்ணை, வாங்கோ. உதென்ன, கோழியோ?"

"கோழியெண்டால் நான் ஏன் இஞ்சை கொண்டு வாறன்? சட்டிக்கையெல்லோ போயிருக்கும். இது கிளி. சாத்திரக்காரற்றை கிளி."

சந்தியில் குண்டு விழுந்து ஒரு கிழமை ஆகவில்லை. பொம்மர் விமானம் வந்த சத்தம் கேட்டதும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தார்கள். கடை வாசலில் சாக்கு விரித்திருந்து கிளிச் சாத்திரம் சொன்ன மனிதரும் பாய்ந்தார். பாய்ந்தவர் கிளியை விட்டுவிட்டேன் என்று திரும்ப ஓடினார். சுவர் அவர் மேல் விழுந்தது. கூடு ஒரு கீறலும் இல்லாமல் மதகுக்குள் உருண்டு கிடந்தது.

"ஊருக்கெல்லாம் நாளைக்கு என்ன நடக்குமெண்டு சொன்ன மனிசன். தனக்குப் பொம்மர் வாறது தெரியேல்லை, பாத்தியே?" என்று சொல்லிவிட்டு ஏரம்பு அவள் முகத்தைப் பார்த்தார். சாத்திரம், செய்வினை, நாவூறு எல்லாவற்றையும் நையாண்டி பண்ணுகிறவள் குணலட்சுமி. இதற்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஆளின்ரை பேர் என்ன அண்ணை?"

"பேரோ? சாத்திரக்காரர் எண்டுதானே கூப்பிடுறது. தொண்டைமானாற்றிலை, சந்நிதி கோயிலடியிலை இருந்தவராம். அங்கை செல் குண்டு விழத் துவங்கின பிறகு இஞ்சாலை வந்தவர். வேறை ஒண்டும் தெரியாது."

எத்தனையோ பேர் அந்தச் சாக்குக்கு முன்னால் குந்தியிருந்து தங்கள் பேரும் நட்சத்திரமும் சொன்னார்கள். அவர் பேரை ஒருவரும் கேட்கவில்லை. உறவினர் வந்து கேட்காத உடம்பைச் சந்தியடிப் பொடியன்கள் கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள்.

"என்னாலை ஏலாது, குணம். கிட்டப் போனால் கடிக்குது. விடிஞ்சால் பொழுதுபட்டால் கத்துது. உவள் மனிசி சொல்லிப்போட்டாள், ஒண்டில் கிளி இருக்க வேணும், இல்லாட்டில் தான் இருக்க வேணும் எண்டு. நானும் கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் பாத்தனான்." அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டுக் கூட்டை விறாந்தையில் இறக்கினார். "உனக்கும் ஆரும் இல்லை. ஒரு துணையாய்க் கிடக்கட்டும்."

"எனக்கு ஆரும் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

ஏரம்பு நிலத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

குணலட்சுமியின் கணவன் கனகரத்தினம் காணாமற்போய் அப்போது எட்டு ஒன்பது மாதம் இருக்கும். காங்கேசன்துறையில் மெக்கானிக்காக இருந்து, சண்டையில் வேலை போனபின் ஊரில் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் திருத்திக்கொண்டிருந்தவன். தொண்ணூற்றிமூன்று தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற மிஞ்சியிருந்த கிளாலிக் கடலைக் கடந்து வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டான். போனது தன் தமையனுக்கு மருந்து வாங்க. தமையன் நமசிவாயத்துக்கு முட்டு வருத்தம். பனிக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும், இரவில் படுக்க முடியாது. குடாநாட்டுக்குள் மருந்து வரவிடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஒரு கிழவன் மூச்சு விடுவதால் எந்த அரசாங்கத்துக்கு என்ன ஆபத்து என்று இன்றுவரை ஒருவரும் விளக்கம் சொன்னதில்லை.

கனகரத்தினம் ஏறிய வள்ளத்தோடு வேறு வள்ளங்களும் போயின. இருட்டில் கடற்படை சுட்டது. சில வள்ளங்கள் அக்கரை போய்ச் சேர்ந்தன, சில திரும்பி வந்தன. உடல்கள் சில கரை ஒதுங்கின. அவன் உடல் இல்லை. அவனை அக்கரையில் கண்டதாக ஒருவர் சொன்னார். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் பிறகு கேட்டபோது அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

குணலட்சுமி கால் மெசினில் சட்டை தைத்துப் பிழைத்தாள். நூல் கிடைக்காத காலம். உரப்பை நூலைப் பிரித்து எடுத்து முறுக்கித் தைப்பாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் நிறைய வந்தன. கலியாணக் கூறைச் சட்டைகள் மட்டும் வருவது நின்றுபோனது. புருஷன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாதவளின் கை பட்ட சட்டையை மணப்பெண் போடக்கூடாதாம். அவளுடைய கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்துகிறது, பிள்ளை தீர்க்க சுமங்கலி என்று எழுதிக்கொடுத்த சாத்திரியார் மட்டும் அடுத்த ஒழுங்கையில் இன்னமும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் போய் ஏன் பிழைத்தது என்று கேட்கவில்லை. பிழை எப்போதும் பெண்ணில்தான் இருந்தது.

பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் போனால், பார் இவளின் துணிச்சலை என்றார்கள். ஒரு நாள் காய்ச்சலில் பொட்டு வைக்காமல் கிணற்றடிக்குப் போனபோது, செத்த அறிவித்தல் வந்துவிட்டதோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கிளி வந்தது.

குணலட்சுமி உரப்பையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். தலை மட்டும்தான் கிளித்தலை. கழுத்துக்குக் கீழே நெஞ்சு, தோள், வயிறு எல்லாம் தோலுரித்த குஞ்சு போலச் சிவந்து கிடந்தது. செட்டைகளை முன்பே வெட்டியிருந்தார்கள். கூட்டின் அடியில் பச்சை இறகுகள். குண்டில் போனவை என்று அவள் நினைத்தாள். அன்று மத்தியானமே அது பிழை என்று தெரிந்துவிட்டது. கிளி தலையைக் குனிந்து, நெஞ்சிலிருந்து ஓர் இறகைச் சொண்டால் பிடித்து இழுத்தது. இறகின் முனையில் இரத்தம். அதை மெல்லக் கொண்டுவந்து கூட்டு வாசலில் வைத்தது. வைத்துவிட்டு வலது பக்கமாகத் தலையைச் சரித்து, நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் ஓரிடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் வெளி. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு மறுபடி குனிந்து அடுத்த இறகை இழுத்தது.

அவளுக்கு அந்த இடத்தில் யாரோ இருப்பது போலவும், கிளிக்கு அந்த ஆளைத் தெரிவது போலவும் இருந்தது. மத்தியான வெய்யிலில், சொந்த வீட்டு விறாந்தையில், அந்த வெறும் வெளிக்குக் குறுக்கே நடக்கக் கால் வரவில்லை. சுற்றிப் போய்க் குசினிக்குள் நுழைந்தாள். நுழைந்த பிறகு தன்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பேய்க்குப் பயந்து வழிவிடுகிற ஆளா நான் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, வேண்டுமென்றே அந்த இடத்தால் நடந்தாள். கிளி அவள் காலைப் பார்க்கவில்லை. அவள் போனபின் அந்த இடத்தையே திரும்பவும் பார்த்தது.

கூட்டைத் திறந்துவிட்டால் இறகை விட்டுவிட்டுக் கடதாசிகளில் இறங்கியது. சட்டை வெட்ட அவள் பழைய பேப்பரில் வெட்டி வைத்திருந்த அளவுத் தாள்கள் மெசின் மேசைக்குக் கீழே அடுக்கியிருக்கும். கழுத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கிளி நடந்து போய் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எறிந்தது. ஒன்றை உருவும், பார்க்கும், போடும். அடுத்தது. அடுக்கு முடிந்ததும் கத்தும். மறித்தால் கடிக்கும். அவளுடைய இரண்டு கையிலும் ஏரம்புவின் விரல் மாதிரியே சீலைத்துண்டு ஏறியது.

பக்கத்து வீட்டுப் பத்மாவதி வேலியோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"குணம், நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. செத்த மனிசன் அதுக்குப் பக்கத்திலை இருக்கு. அது அவரைத்தான் பாக்குது. உதைக் கொண்டுபோய்ச் சந்நிதியிலை விட்டிட்டு வா."

"செத்த மனிசன் பக்கத்திலை இருந்தால் நல்லதுதானே அக்கா. கூட்டைக் கழுவுற வேலையை அவரிட்டைக் குடுத்திடலாம்."

"உனக்கு எல்லாம் பகிடி."

பகிடிதான். ஆனால் அன்றைக்குப் பின்னேரமும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தாள்.

மார்கழி மழை பிடித்திருந்த ஒரு நாள் அவள் விறாந்தையில் சுளகோடு இருந்து அரிசியில் நெல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒதுங்க வேறு இடமில்லாமல் கூட்டுக்கு வலப்பக்கமாக, அந்த வெறும் வெளியிலேயே இருந்துவிட்டாள். கிளி ஓர் இறகைப் பிடுங்கி வைத்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. அந்தப் பார்வை இந்த முறை நேரே அவள் கையில் வந்து விழுந்தது. கையில் ஒரு நெல்லு மணி இருந்தது. என்னவோ நினைத்து அதை நீட்டினாள்.

கிளி கடிக்கவில்லை. மணியை வாங்கிக்கொண்டது. திரும்பிக் கூட்டுக்குள் போய் உமியை உரித்துத் தின்றது. தின்றுவிட்டுக் கண்ணை மூடி நித்திரை கொண்டது. வந்த நாளிலிருந்து அது பகலில் நித்திரை கொண்டதே இல்லை.

குணலட்சுமி சுளகை வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். சாத்திரத்தின் சூக்குமம் முழுவதும் அவளுக்கு அப்போது விளங்கியது. கிளி எந்தச் சீட்டையும் தெரிந்து எடுப்பதில்லை. அது ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துகொண்டே போகும். வந்திருக்கிற ஆளின் முகத்தையும் கவலையையும் பார்த்துப் பொருத்தமான சீட்டு வந்ததும் சாத்திரக்காரர் விரலிடுக்கில் ஒரு நெல்லைக் காட்டுவார். நெல்லைக் கண்டால் வேலை முடிந்தது என்று கிளிக்குத் தெரியும். சீட்டைக் கீழே போட்டுவிட்டு மணியோடு உள்ளே போய்விடும். பார்க்கிற சனத்துக்கு அது தெய்வம் நிறுத்திய மாதிரித் தெரியும். இப்போது அந்தக் கை இல்லை. போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் கிளி எடுத்துக்கொண்டே இருக்கிறது. சீட்டு இல்லாதபோது தன்னையே எடுக்கிறது.

அவளுக்கு முதலில் அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. பிறகு வேறெதுவோ வந்தது. கிளிக்காகத் திரும்பி ஓடியவர் அல்லவா.

கூட்டின் அடியில் ஒரு தகரப் பேணி கட்டியிருந்தது. அதற்குள் சாமிப் படம் ஒட்டிய பழைய சீட்டுகள் இருந்தன. இலட்சுமி, பிள்ளையார், சனீஸ்வரன், எருமை மேல் யமன், மயில் மேல் முருகன், மாதா படம்கூட ஒன்று. வேலை கேட்கிற சீவனுக்கு வேலை கொடுத்துப் பார்ப்போம் என்று காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை சீட்டுகளைப் பரப்பினாள். கிளி நாலைந்தை எடுத்து எறியும். அவள் நெல்லைக் காட்டுவாள். அது உள்ளே போகும். தை பிறந்தபோது அதன் நெஞ்சில் பச்சை முளை விட்டிருந்தது. கத்தல் குறைந்தது. மெசின் ஓடும்போது தாளத்துக்குத் தலையை ஆட்டவும் பழகியது.

நமசிவாயம் உரும்பிராயில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் வந்து தம்பி மனைவியைப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு மைல் ஓடினால் ஒருமுறை இறங்கி நின்று மூச்சு வாங்குவார். வந்தால் அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் ஒரே கதைதான்.

"ராத்திரியும் வந்தவன், குணம். எங்கடை கிணத்தடியிலை நிக்கிறான். உடுப்பெல்லாம் ஈரம். உள்ளை வாடா எண்டு கூப்பிட்டால் வாறானில்லை. ஒரு சொல்லுக் கதைக்கிறானில்லை."

"அது கனவு, பெரியத்தான்."

"ஏன் ஒவ்வொரு நாளும் அதே கனவு? இருக்கிறவன் எண்டால் ஏன் ஈரத்தோடை நிக்கிறான்? செத்தவன் எண்டால் அந்தியேட்டி செய்து கரையேத்த வேணுமெல்லோ? இருக்கிறவனுக்கு அந்தியேட்டி செய்தால் அது எவ்வளவு பாவம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." மூச்சு விசிலடிக்கும். "எனக்கு மருந்து வாங்கப் போனவன்."

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை அந்தியேட்டி. அதைச் செய்தால் குணலட்சுமியின் தாலியும் பொட்டும் போகும். அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொல்லாமல் நேரத்தோடு வந்துவிட்டார். குணலட்சுமி விறாந்தையில் கிளிக்கு முன்னால் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"நீயுமோ, குணம்?" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. சந்தோஷம் இருந்தது. "நீயும் கேக்கிறியோ? நான் நினைச்சன் நான் மட்டும்தான் உள்ளுக்குள்ளை வேகிறன் எண்டு."

"இல்லை பெரியத்தான், இது வந்து…"

அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார். சால்வையை இடுப்பில் கட்டினார். சந்நிதி முருகன் வாசலில் கும்பிடுவது போல அந்த உரித்த கிளிக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்தார். கொண்டு போனவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. வள்ளத்தைச் சுட்டவனிடமும் மருந்தை மறித்தவனிடமும் நெஞ்சைப் பிடித்துக் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களைக் கேட்க வழியில்லாத ஒரு மனிதர் அதைக் கிளியிடம் கேட்டார்.

"தாயே, என்ரை தம்பி கனகரத்தினம். விசாக நட்சத்திரம். இருக்கிறானோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லு."

கேள்வி கேட்கும் குரல் காதில் விழுந்ததும் கிளி வெளியே வந்துவிட்டது. அதற்குப் பழகிய குரல் அது. இலட்சுமியை எடுத்து எறிந்தது. சனீஸ்வரனை எறிந்தது. அடுத்து எருமை மேல் யமன். சீட்டைச் சொண்டில் வைத்துக்கொண்டு கிளி குணலட்சுமியின் கையைப் பார்த்தது. நமசிவாயத்தின் மூச்சு நின்றது. அவள் நெல்லு மணியை உள்ளங்கைக்குள் நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். கிளி யமனை எறிந்தது. பிள்ளையாரை எறிந்தது. மயில் மேல் முருகன் வந்தான். கிளி பார்த்தது. அவள் கை திறந்தது.

கை தானாகத் திறந்தது என்று பிறகு பல நாள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். பொய். அவள்தான் திறந்தாள்.

கிளி மணியோடு உள்ளே போனது. நமசிவாயம் சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வயது போன மனிதர், குரல் விட்டு அழுதார்.

"சந்நிதியான் சொல்லிப்போட்டான், குணம்! இருக்கிறான். என்ரை தம்பி இருக்கிறான்!"

இது சூது, நெல்லைக் காட்டியது நான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். தேத்தண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு முந்திய மாதங்களைவிடக் கொடுமையாக இருந்தன. தான் காட்டிய நெல்லு மணியைத் தானே நம்பத் தொடங்கினாள். சோறு போடும்போது கை ஒரு சாப்பாட்டுக் கோப்பையை அதிகமாக எடுத்தது. ஒழுங்கையில் யாராவது இருமினால் மெசினில் இருந்து கால் எடுபட்டது. கிணற்றடிக்குப் போகவே பயமாக இருந்தது. தமையன் கண்ட கனவு அவளுடைய கிணற்றடிக்கும் வந்துவிட்டது போலவும், துலாவைப் பிடித்துக்கொண்டு ஈர உடுப்போடு ஒருவன் நிற்பது போலவும் தோன்றியது. நேரே பார்த்தால் ஒன்றும் இல்லை. வாளியைப் போட்டுக் குனிந்தால் மறுபடி நிற்கிறான். இது என் மூளை செய்கிற வேலை, நெல்லைக் காட்டியதும் நான், ஆளை நிறுத்தியதும் நான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் போகவில்லை.

பங்குனியில் ஒரு காலை நமசிவாயத்தின் மனைவி செல்வநாயகி உரும்பிராயிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். தலை கலைந்திருந்தது. விறாந்தைக்கு ஏறாமல் முற்றத்தில் நின்றே கேட்டாள்.

"உனக்கென்ன விசரே, குணம்?"

"என்னக்கா? இருங்கோ முதல்."

"இருக்க வரேல்லை. அவர் கிளாலிக்கு வெளிக்கிடுறார். இண்டைக்குப் பின்னேரம். ரத்தினத்தைத் தேடி வவுனியா முகாமெல்லாம் பாக்கப் போறாராம். இயக்கத்திட்டை வரிசையிலை நிண்டு வெளியிலை போற பாஸும் எடுத்திட்டார். படியேற முட்டுப் பிடிக்கிற மனிசன், இரவிரவாய்த் திறந்த வள்ளத்திலை, அந்தப் பனிக்கை! நான் அழுது பாத்திட்டன். கிளி சொல்லிப்போட்டுதாம்." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சாத்திரத்தைக் கண்டால் சிரிக்கிறவள் நீ. நான் நம்புறனான், நான் கூட உதைச் செய்யேல்லை. நீ ஏன் செய்தனீ?"

குணலட்சுமி கூட்டைத் தூக்கித் தன் சைக்கிள் கரியரில் கட்டினாள். சீட்டுப் பேணியையும் ஒரு பிடி நெல்லையும் எடுத்தாள். செல்வநாயகியை முன்பாரில் ஏற்றிக்கொண்டு மிதித்தாள். வெய்யிலில், குண்டும் குழியுமான றோட்டில், இரண்டு பெண்களும் ஒரு கிளியும் போவதைப் பார்த்துக் கோப்பாயடியில் சிலர் சிரித்தார்கள்.

நமசிவாயம் வெளிக்கிட்டு நின்றார். சுத்தமான வேட்டி. வாசலில் ஒரு துணிப்பை. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வழியனுப்ப வந்தனியோ, பிள்ளை? கிளியையும் கொண்டந்திருக்கிறாய். நல்ல சகுனம்."

"பெரியத்தான், அண்டைக்குக் கிளி ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். நெல்லைக் காட்டினால் அது நிப்பாட்டும். நான் முருகன் வரேக்கை காட்டினனான். அவ்வளவுதான்."

அவர் கோபிக்கவில்லை. ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சரி, நீதான் காட்டினனீ. உன்ரை கையைக் காட்ட வைச்சது ஆர்?"

அவள் அந்த முற்றத்திலேயே கூட்டை வைத்துத் திறந்தாள். சீட்டைப் பரப்பிக் கேள்வியைத் தானே கேட்டாள். யமன் வந்ததும் நெல்லைக் காட்டினாள். கிளி உள்ளே போனது. "பாத்தியளோ?" என்றாள்.

"இண்டைக்கு வியாழக்கிழமை" என்றார் நமசிவாயம். "கூடாத நாளிலை கேட்டால் கூடாததுதான் வரும்." சொல்லிவிட்டுத் துணிப்பையை எடுத்தார்.

இனிக் கதைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நம்பிக்கை எந்த ஓட்டையையும் தானே அடைத்துக்கொள்கிறது. அவர் கையைப் பிடித்து விரித்தாள். கணவனின் தமையனுடைய கையை அப்படிப் பிடித்ததைக் கண்டு செல்வநாயகி வாயைப் பொத்தினாள். குணலட்சுமி அந்தக் கையில் ஒரு நெல்லு மணியை வைத்தாள்.

"அப்ப நீங்கள் குடுங்கோ. முருகனுக்குக் குடுத்தால் போங்கோ, நான் மறிக்கேல்லை. இதிலை இருங்கோ. வலப்பக்கம்."

அவர் இருந்தார். கேள்வியைக் கேட்டார். கிளி வெளியே வந்து எடுக்கத் தொடங்கியது. மூன்றாவதாகவே முருகன் வந்துவிட்டான். கிளி அவர் கையைப் பார்த்தது. விரிய இருந்த விரல்கள் விரியவில்லை. அவர் தன் கையைத் தானே பார்த்தார்.

"குடுங்கோ."

"நான் குடுத்தால்… அது நான் சொன்னதாயெல்லோ போடும்."

"ஓம்."

கிளி முருகனை எறிந்தது. அடுத்தது, அடுத்தது. யமன் வந்தான்; அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாதா வந்தார். சீட்டெல்லாம் முற்றத்து மண்ணில் சிதறிக் கிடந்தன. எடுக்க இனி ஒன்றும் இல்லை. கிளி அவரை நிமிர்ந்து பார்த்தது. காத்திருந்தது. பிறகு குனிந்து, புதிதாக முளைத்திருந்த நெஞ்சு இறகில் ஒன்றைப் பிடித்து இழுத்து, இரத்தத்தோடு கொண்டுவந்து அவருடைய முழங்காலுக்கு முன்னால் வைத்தது.

"ஐயோ, உது என்ன செய்யுது?"

"போதும் எண்டு ஆரும் சொல்லுமட்டும் எடுக்கும், பெரியத்தான்."

இரண்டாவது இறகு. மூன்றாவதுக்குக் குனிந்தபோது நமசிவாயம் பதறிப்போய்க் கையை நீட்டினார். "போதும். போதும் அம்மா, போ." கிளி மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

 நமசிவாயத்தின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ரத்தினம்?" என்றார் கடைசியில்.

"தெரியாது."

"உனக்குமோ?"

"எனக்கும் தெரியாது. இருக்க வேணும் எண்டு ஆசை. அதாலைதான் அண்டைக்குக் கையைத் திறந்தனான். ஆசைதான், பெரியத்தான். தெரியாது."

அவர் தலையைக் குனிந்து அந்த இரண்டு இறகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏதும் செய்ய வேணும், குணம். செய்யாட்டில் என்னாலை படுக்க ஏலாது. ஒரு விளக்கெண்டாலும் கொளுத்தி, அவன்ரை பேரைச் சொல்லி…"

"செய்யுங்கோ. உங்கடை மனசுக்காகச் செய்யுங்கோ. நான் வந்து சமைச்சுத் தாறன். பொட்டை மட்டும் நான் அழிக்க மாட்டன். தெரியாத ஒண்டுக்கு என்ரை நெத்தியாலை சாட்சி சொல்ல மாட்டன்."

அவர் மனைவியைப் பார்த்தார். செல்வநாயகி ஊர் என்ன சொல்லும் என்று கேட்பாள் என்று குணலட்சுமி எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

"பொட்டோடையே வா" என்றார் நமசிவாயம். "ஆரும் கேட்டால் என்னட்டை வந்து கேக்கட்டும்."

அவர் எழும்பவில்லை. பொழுது பட்டது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து மூவரும் விறாந்தையில் இருந்தார்கள். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க விளக்குக் கொளுத்தவில்லை. கிளாலியில் சனம் வள்ளம் ஏறக் கரையில் கூடுகிற நேரம் அது. தென்கிழக்கே, வெகு தூரத்தில், ஒரு அதிர்வு கேட்டது. பிறகு இன்னொன்று. கடல் பக்கமா, ஆனையிறவுப் பக்கமா என்று சொல்ல முடியாத தூரம். நமசிவாயத்தின் கை கதிரைப் பிடியை இறுக்கியது. இன்றைக்கு எந்த வள்ளம், அதில் யார் யார் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

செல்வநாயகி எழும்பிப் போய்த் துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து உதறி, இருட்டுக்குள் தடவித் தடவிக் கொடியில் போட்டாள்.